ஒரு தடவை பேசும் வால்வு

ஞானதிரவியத்துக்குக் கரண்ட் என்றால் பயம். வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால்கூட மனைவி எஸ்தர்தான் ஸ்டூலில் ஏறுவாள். இவர் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார், அதுவும் கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு. இப்பேர்ப்பட்டவருக்கு அரசாங்கம் தேடிப்பிடித்துக் கொடுத்த உத்தியோகம், நானூறு வோல்ட் ஓடிய பழைய பெட்டிகளைத் திறந்து வால்வு கழற்றுவது. மேலதிகாரியிடம் மனம்விட்டுச் சொல்லியும் பார்த்தார். "பயந்தவன்தான்யா இந்த வேலையில பென்ஷன் வாங்குவான்" என்று அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். தைரியசாலிகள் இரண்டு பேர் ஏற்கெனவே ஆபீஸ் சுவரில் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வால்வு என்றால், டிரான்சிஸ்டர் வருவதற்கு முந்தைய ரேடியோக்களிலும் மைக் செட்டுகளிலும் கட்டைவிரல் பருமனில் கண்ணாடிக் குப்பி மாதிரி நின்று உள்ளே செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்குமே, அது. ஐந்தாறு வருடம் முன்புவரை அதை யாரும் சட்டை செய்யவில்லை. பிறகு யாரோ ஒருவர் பரணில் கிடந்த ரேடியோவை இறக்கிச் சூடாக்க, அது எந்த ஸ்டேஷனையும் பிடிக்காமல், அந்த வீட்டுக் கூடத்தில் முப்பது வருடத்துக்கு முன் நடந்த பாகப்பிரிவினைச் சண்டையை வார்த்தை பிசகாமல் ஒப்பித்தது. வால்வுகள் இத்தனை காலமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கின்றன! செய்தி வெளியான வாரம் தமிழ்நாட்டில் ரேடியோ விழாத கிணறு இல்லை. போட்டவர்களில் பாதிப் பேர் மாமியார்கள், மீதிப் பேர் மருமகள்கள், ராத்திரியோடு ராத்திரியாக வந்தவர்கள் ஆண்கள். அதன்பிறகுதான் ஒலிப்படிவு ஆய்வகம் என்று ஒன்று வைத்து, ஞானதிரவியத்துக்கு ஒரு ஜீப்பும் ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் கொடுத்தார்கள்.

ஊருக்கு நாலைந்து மைல் முன்னால் ரோடு பிரியும் நெடுங்கரை விலக்கில் ஜீப்பை நிறுத்திய பெண்ணுக்கு அறுபதை ஒட்டிய வயது. பெயர் பேச்சியம்மாள். ஊரிலிருக்கும் ஒரு வால்வைக் கேட்டுச் சொல்லும்படி மனுக் கொடுத்தவர் அவர்தான்.

"விடியாத கருக்கல்லயே வந்து நிக்கேன் சார். போன தடவை ஒரு சர்வே ஆபீசர் வழி தப்பி, பக்கத்து ஊரை நம்ம ஊருன்னு அளந்துட்டுப் போயிட்டாவ" என்று சொல்லிக்கொண்டே பின்சீட்டில் ஏறினார். ஜீப் கரிசல் காட்டுக்குள் திரும்பியது. முன்சீட்டைப் பிடித்துக் குனிந்து கேட்டார். "வால்வைக் கழட்டினதும் எங்கய்யா பேசுவாவளா?"

"இங்க பேசாதும்மா. பஞ்சுல சுத்தி மெட்ராசுக்குக் கொண்டு போவோம். அங்க ஒரு மிஷின்ல வச்சு மெள்ளச் சூடு ஏத்துவாங்க. ரொம்ப நாள் தூங்கின வால்வுக்கு முதல் சூடு பட்டதும், உள்ள படிஞ்ச சத்தமெல்லாம் ஆவி மாதிரி கிளம்பி வெளிய வந்துரும். அதைப் பதிவு பண்ணிக்கிடுவோம்."

"ரெண்டாந்தடவை கேக்கணும்னா?"

"பதிவைத்தான் கேக்கணும். வால்வு ஒரு தடவைதான் பேசும். அப்புறம் அது வெறும் கண்ணாடி."

"சாமியாடி கணக்கா. மலையேறிட்டா அவ்வளவுதான்."

இருபது பக்கக் கையேடு சொல்ல முடியாததை இந்த அம்மாள் ஒரே வரியில் சொல்லிவிட்டாரே என்று ஞானதிரவியம் கொஞ்சம் பொறாமைப்பட்டார்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கருங்கல் ஒன்று நட்டிருந்தது. பேச்சியம்மாள் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். கல்லில் ஒன்பது பெண்பிள்ளைகளின் பெயர். எல்லாம் பத்து, பன்னிரண்டு வயது. கீழே கடைசி வரி: 'இராசையாவின் தூண்டுதலால் தீக்கிரையான எம் செல்வங்கள்.'

"இராசையாதான் எங்கய்யா, என்னைப் பெத்தவுக" என்றார் பேச்சியம்மாள். "தீப்பெட்டி ஆபீசுல ஸ்டிரைக். சாயங்காலம் கூட்டம். மேடையில இருந்து எங்கய்யா மைக்குல 'கொளுத்துங்கலே'ன்னு சொன்னாவளாம். முன்னாடி நின்ன ஆளுக ஓடிப்போயிக் குடோனுக்குத் தீ வச்சுட்டாவ. உள்ள ஆள் இல்லைன்னுதான் எல்லாரும் நினைச்சது. ஸ்டிரைக்னாலும் வேலை நடக்கணும்னு முதலாளி இந்தப் பிள்ளைகளை உள்ள வச்சு வெளிய பூட்டியிருந்தது ஒருத்தருக்கும் தெரியாது. எங்கய்யா ஜெயிலுக்குப் போயி அங்கயே செத்தும் போயிட்டாவ. எனக்கு அப்ப நாலு வயசு."

"நீங்க என்ன நினைக்கிறீங்கம்மா?"

"எங்கம்மா சாகுற வரைக்கும் சொல்லுவா, உங்கய்யா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாருன்னு. எனக்கு அவுக முகமே ஞாபகமில்ல. நான் என்னத்தை நினைக்க? வருசா வருசம் இந்தக் கல்லைத் தேங்காய் நார் போட்டுக் கழுவுதேன். பிள்ளைக பேரைக் கழுவும்போது கடைசி வரியையும் சேத்துத்தான் கழுவணும். விட்டுட்டா, பாத்தியா விட்டுட்டான்னு சொல்லுவாவ." முந்தானையால் கல்லின் தலையில் இருந்த தூசியைத் தட்டினார். "அய்யா சொல்லலேன்னா அந்த வரியை எடுத்துரணும் சார். சொல்லியிருந்தா இருந்துட்டுப் போகட்டும். எனக்குத் தெரியணும்."

அன்றைக்குக் கூட்டத்துக்குக் கட்டிய மைக் செட்டைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போயிற்று. கேஸ் முடிந்து பெட்டி திரும்பி வந்தபோது, மைக் செட்காரர் அதை ராசியில்லாத பெட்டி என்று சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டார். அதன்பிறகு அதில் கரண்ட் ஏறவே இல்லை. ஞானதிரவியம் கழற்ற வந்தது அதன் முதல் வால்வைத்தான். மைக்கிலிருந்து வருகிற சத்தத்தை முதலில் வாங்குகிற வால்வு அது.

ஊருக்குள் நுழைந்ததுமே ஞானதிரவியம் டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னார். வழக்கமாக இந்த ஜீப்பைக் கண்டால் சின்னப்பிள்ளைகள் பின்னால் ஓடிவரும், பெருசுகள் "எங்க வீட்டு ரேடியோவை எடுத்துராதீங்கய்யா" என்று கேலி பேசும். இங்கே மொத்த ஊரும் தெருவில் நின்றது. டீக்கடை முன்னால், பால் சொசைட்டி வாசலில், கோயில் படியில் எல்லாம் ஆட்கள். ஒருவர் வாயிலிருந்தும் சத்தமில்லை. பேச்சியம்மாளைக் கண்டதும் எல்லோரும் ஒருசேரத் தரையைப் பார்த்தார்கள்.

"என்னம்மா, ஊர்ல ஏதும் சாவு, துட்டியா?"

"இல்லியே சார். நான் கிளம்பும்போது எல்லாரும் தூங்கிட்டுல்லா இருந்தாவ" என்ற பேச்சியம்மாளும் மிரண்டுபோய்ப் பார்த்தார்.

நூர் சவுண்ட் சர்வீஸ் என்ற போர்டுக்குக் கீழே காதர் மைதீன் நின்றிருந்தார். பரணில் பெட்டியைப் போட்டவரின் மகன். ஐம்பது வயது ஆள், வெயில் ஏறாத நேரத்திலேயே சட்டை நனைந்திருந்தது. சலாம் வைக்க எடுத்த கை பாதியிலேயே நின்றது.

கடைக்குள் போகுமுன், வெள்ளை வேட்டியில் ஒருவர் வந்து ஞானதிரவியத்தின் முழங்கையை மெதுவாகப் பிடித்தார். பஞ்சாயத்துத் தலைவர் தங்கப்பழம். பிடி மெதுவாகத்தான் இருந்தது, விடுகிற மாதிரிதான் இல்லை.

"சார், ஒரு நிமிசம். இந்த வால்வு கண்ணாடிதான?"

"ஆமாங்க."

"கண்ணாடின்னா உடையும்."

"சமயத்துல உடையும்."

"உடைஞ்சா என்ன செய்வீக?"

"உடைஞ்சிடுச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போகவேண்டியதுதான்."

"எழுதிக் கொடுத்துட்டுப் போயிருங்க" என்றார் தங்கப்பழம். குரலில் மிரட்டல் இல்லை. இருந்திருந்தால் ஞானதிரவியத்துக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மிரட்டுகிறவர்களிடம் எப்படி நடுங்குவது என்று அவருக்குத் தெரியும். இவர் கண் கலங்கியிருந்தது. "இந்த ஊரு அம்பது வருசமா ஒரு மாதிரியா உக்காந்துருச்சு சார். எழுப்பி விட்டுட்டு நீங்க ஜீப்புல ஏறிப் போயிருவீக. நாங்க இங்கதான கிடக்கணும்."

ஞானதிரவியம் ஜீப் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தார். டிரைவரைக் காணவில்லை. ஜீப்பைச் சுற்றி இருபது, முப்பது பேர் சும்மா நின்றார்கள். போனில் சிக்னல் இல்லை. கை தவறி வால்வைப் போட்டு உடைப்பது ஒன்றும் கஷ்டமில்லை, உடைக்காமல் இருப்பதுதான் கஷ்டம் என்று அவருக்கு அப்போதே தோன்றிவிட்டது.

கடைக்குள் மேசை மேல் பெட்டி தயாராக இருந்தது. தயாராக என்றால், கல்யாண மாப்பிள்ளை மாதிரி. மரச்சட்டம் பளபளத்தது. முன்பக்கக் குமிழ்களுக்கு எண்ணெய் போட்டிருந்தது. ஒரு முழம் மல்லிகைச் சரம்கூட மேலே கிடந்தது.

"பெட்டியைத் தொடக் கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருந்தோமே பாய்?"

"தொடலை சார். துடைச்சேன்."

ஞானதிரவியம் தன் வேலையில் இறங்கினார். முதலில் வயரைத் தேடிப் பிடித்து, பிளக் எதிலும் சொருகவில்லை என்று பார்த்து, அதைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுப் பட்டனும் போட்டுக்கொண்டார். கரண்டே இல்லாத கிராமத்திலும் இதைச் செய்வார். பிறகு வலது கையில் கையுறையை மாட்டி, இடது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டார். திறந்த பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டால், ஒரு கையில் ஏறுகிற கரண்ட் நெஞ்சு வழியாக மறு கைக்குப் போகும். ஒரு கையை ஒளித்து வைத்துக்கொண்டால் நெஞ்சு தப்பும். பார்ப்பவர்களுக்கு ஏதோ மிடுக்காக நிற்பதுபோல் இருக்கும், அது வேறு லாபம்.

"பிளக்கைத்தான் பிடுங்கியாச்சே, அப்புறம் என்ன பயம் சார்?" என்று வாசலில் நின்ற பேச்சியம்மாள் கேட்டார்.

"இந்த டப்பா இருக்கு பாருங்க, கண்டென்சர். பிளக்கைப் பிடுங்கினாலும் இது தனக்குள்ள கொஞ்சம் பிடிச்சு வச்சிருக்கும். நம்ம ஆளுக ஸ்குரூ டிரைவரை வச்சு டப்புனு ஒரு தட்டுத் தட்டுவாங்க. பொறி பறக்கும். அந்த அதிர்ச்சியில வால்வுல இருக்கிறதும் அழிஞ்சு போகும். மெள்ள வடியவிடணும். இது வருசக்கணக்காத் தூங்கின பெட்டிங்கிறதால ஒண்ணும் இருக்காது, சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு..."

மீட்டரின் முனையை வைத்தார். முள் துள்ளி எழுந்து நூறைத் தாண்டி நின்றது.

ஞானதிரவியம் மீட்டரைக் கீழே வைத்தார். கையுறையைக் கழற்றிவிட்டுப் புறங்கையைப் பெட்டியின் பின்பக்கம் கொண்டுபோனார். டிரான்ஸ்பார்மர் வெதுவெதுவென்று, தூங்கும் பூனையின் வயிறு மாதிரி இருந்தது. வால்வுப் பக்கத்திலிருந்து தூசி கருகிய வாசனை. அதை மறைக்கத்தான் மல்லிகைச் சரம் என்று இப்போதுதான் புரிந்தது.

"பேச்சியம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? வீட்டுத் தண்ணியா இருந்தா நல்லது."

அவர் தெரு தாண்டும்வரை பொறுத்திருந்து, காதரின் சட்டையைப் பிடித்தார் ஞானதிரவியம். வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருத்தர் சட்டையைப் பிடிக்கிறார். எங்கே பிடிப்பதென்று தெரியாமல் பையைப் பிடித்திருந்தார்.

"போட்டீரா? பெட்டியில கரண்டைப் போட்டீரா?"

காதர் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "எங்க வாப்பா காலத்துப் பழக்கம் சார். டெஸ்ட் பண்ணாத செட்டை இந்தக் கடை வாசப்படி தாண்ட விடமாட்டோம். மெட்ராசுல இருந்து ஆபீசர் வாராரு, எடுத்துட்டுப் போயி அங்க வச்சு ஓடலேன்னா நூர் சவுண்ட் சர்வீசு பேரு என்னத்துக்கு ஆகும்? 'ஹலோ ஹலோ'ன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாத்துட்டு அணைச்சுருவோம்னுதான் சார், விடியக் காலையில போட்டேன்."

"சொன்னீரா?"

"எங்க சொல்ல விட்டுது? நான் மைக்கையே மாட்டலை சார். பெட்டியே பேச ஆரம்பிச்சுட்டுது."

ஞானதிரவியம் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். "மெதுவாச் சொல்லும். நீர் மட்டும்தான் கேட்டீரா?"

காதர் விரலை மட்டும் மேலே காட்டினார். கடை மொட்டைமாடியில் நான்கு திசைக்கும் நான்கு குழாய் ஒலிபெருக்கி.

"கனெக்சன் அதுல இருந்துது. ஊரே எந்திரிச்சு வந்துட்டு. முதல்ல கூட்டத்துச் சத்தம். அப்புறம் பேச்சியக்காவோட அய்யா பேசுதாவ, வயசாளிக சத்தத்தைக் கேட்டே அடையாளம் சொல்லிட்டாவ. 'எலேய், வெளிப்பூட்டைப் பாருங்கலே, பூட்டு தொங்குது. உள்ள பிள்ளைக இருக்கு. யாரும் கிட்டப் போகாதீங்கலே'ன்னு. திரும்பத் திரும்ப அதையேதான் சொல்லுதாவ. அந்நேரம் யாரோ மைக்கைப் பிடுங்குற சத்தம். அப்புறம் இன்னொரு ஆளு, 'கொளுத்துங்கலே'ன்னு." காதர் குரலை இறக்கினார். "அது நம்ம தலைவரோட அப்பா சத்தம் சார். பேச்சியக்கா அய்யாவுக்கு எதிரா சாட்சி சொன்னவுக. அந்தக் கல்லை நட்டவுகளும் அவுகதான். வருசா வருசம் கொடியேத்திப் பேசின சத்தம், ஊருல யாருக்குத் தெரியாது? முன்னால நின்ன ஆளுக 'ஓ'ன்னு கத்துதாவ. அதுலயும் ஒவ்வொருத்தனும் அவனவன் அப்பன் சத்தத்தைக் கண்டுபிடிச்சுட்டான்."

"யாரும் போன்ல பிடிக்கலையா?"

"கை வரலையே சார். செத்தவுகள்லாம் பேசுதாவ. எல்லாரும் கும்பிட்டுட்டு நின்னாவ. பேசி முடிச்சதும் 'கும்'முனு ஒரு இரைச்சல் மட்டும். அணைக்கப் பயந்துட்டு அப்படியே உக்காந்திருந்தேன். உங்க ஜீப் சத்தம் கேட்டப்புறம்தான் பிளக்கைப் பிடுங்கினேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பேச்சியக்கா ஒருத்திதான் ஊருல இல்ல. யாரு போயிச் சொல்ல? பரவாயில்ல, நாம எதுக்குச் சொல்லி வம்புல மாட்டணும், மெட்ராசுல வச்சா அந்த வால்வே மறுபடி சொல்லிரும்லா சார்?"

ஞானதிரவியம் வாயைத் திறந்தார். 'சொல்லாது. அது காலையிலேயே செத்துவிட்டது' என்று சொல்லத்தான் திறந்தார்.

சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு கணத்தில் தெரிந்துபோயிற்று. காதர் வெளியே போய்ச் சொல்வார். தெரு முழுக்க ஒரு பெருமூச்சு எழும். டிரைவர் கிடைப்பார். டீ வரும். தங்கப்பழமே ஜீப் கதவைத் திறந்துவிடுவார். ஞானதிரவியம் பொழுது சாய்வதற்குள் பத்திரமாக வீடு போய்ச் சேர்வார். அத்தனையும் அவர் வாயிலிருந்து வரவேண்டிய ஓர் உண்மையில் இருந்தது. இத்தனை லாபமான உண்மை அவருக்கு இதுவரை வாய்த்ததே இல்லை.

பேச்சியம்மாள் தண்ணீர்ச் செம்போடு வந்தார். ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. "நல்ல தண்ணிதான் சார். வடிகட்டிட்டேன்."

ஞானதிரவியம் செம்பை வாங்கி முழுக்கக் குடித்தார். குடித்து முடித்தபோது வாய் மூடியிருந்தது.

"பாய், கதவு ரெண்டையும் அகலமாத் திறங்க. ஜன்னலையும். வால்வைக் கழட்டப் போறேன். பாக்கிறவங்க எல்லாரும் பாக்கலாம்."

"இப்பவா?"

"சூடு ஆறட்டும். சூட்டோட இழுத்தா கண்ணாடி விட்டுரும்."

வெறும் கண்ணாடிதான். இதை இடுக்கியால் பிடுங்கிக் குப்பையில் போட்டாலும் அரசாங்கத்துக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. ஆனால் அதைச் சாமி நகை மாதிரி எடுக்க வேண்டும், எல்லோர் கண்முன்னாலும். காத்திருந்த நேரத்தில் ஜனம் வாசல்வரை நெருங்கி வந்தது. யாரோ எறிந்த ஒரு கல் போர்டில் பட்டு 'டங்'கென்றது. எறிந்தவனை யாரும் திட்டவில்லை. தங்கப்பழம் நிலைப்படியில் தோளைச் சாய்த்து, ஞானதிரவியத்தின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தவறிப் போட்டுவிடு, போட்டுவிடு என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

கண்டென்சரை ரெசிஸ்டர் கட்டிய கம்பியால் மெள்ள வடியவிட்டார். முள் ஒவ்வொரு கோடாக இறங்கி சைபரில் படுத்தது. மறுபடி ஒரு தடவை வைத்துப் பார்த்தார். வால்வின் மேலிருந்த தகரக் கூட்டை லேசாகத் திருகித் தூக்கினார். உள்ளே கண்ணாடி, உச்சியில் வெள்ளிப் பூச்சோடு நின்றது.

"இந்த வெள்ளி இருக்கிற வரைக்கும் வால்வு உயிரோட இருக்குன்னு அர்த்தம்" என்று வாசலுக்குக் கேட்கும்படி சொன்னார். பாதி உண்மை. உடைந்து காற்று புகுந்தால் அந்த வெள்ளி பால் மாதிரி வெளுத்துவிடும் என்பது சரி. உயிரைப் பற்றிச் சொன்னது அவருடைய கைச்சரக்கு.

மெல்லிய துணியால் வால்வைச் சுற்றிப் பிடித்தார். முறுக்கக் கூடாது, அடியில் இருக்கிற ஊசிக் கால்கள் ஒடிந்துவிடும். மாவாட்டுகிற மாதிரி மிகச் சின்ன வட்டமாக அசைத்து, நேர்மேலே தூக்க வேண்டும். கை நடுங்கியது. கரண்டுக்கு நடுங்கவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருட சர்வீசில், உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு வால்வுக்கு அவர் இப்படிப் பயந்ததில்லை. ஒரு அசைவு. இன்னொன்று. ஹோல்டர் விடமாட்டேன் என்றது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்க மறு கையை எடுக்கலாமா என்று நினைத்தார், பாக்கெட்டுக்குள்ளிருந்து அது வர மறுத்தது. மூன்றாவது அசைவில் 'டிக்' என்று ஒரு சத்தம்.

வாசலில் எல்லோரும் மூச்சை நிறுத்தினார்கள்.

வால்வு முழுசாக அவர் விரல்களுக்கிடையே இருந்தது. வெள்ளி பளபளத்தது. பஞ்சில் வைத்துச் சுற்றி, மரப்பெட்டிக்குள் வைத்து மூடி, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"ஆய்வு முடிய ஒரு மாசம் ஆகும்" என்றார். "இதுல இருக்கிறது மொத்தமும் வெளிய வரும். யார் என்ன பேசினாங்க, யார் கத்தினாங்க, எல்லாம். அதுக்கு முன்னாடி தானா வந்து சொல்றவங்க சாட்சி. ஆய்வுக்கு அப்புறம் வாயத் திறக்கிறவங்க, தெரிஞ்சே மறைச்சவங்க. அது வேற கணக்கு."

இப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அப்போதுதான், அவர் வாயில், பயத்துக்குப் பிறந்தது.

கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது. சாட்சி சொல்லத்தான் வருகிறார்களா, பெட்டியைப் பிடுங்க வருகிறார்களா என்று தெரியவில்லை. எஸ்தர் முகம் ஞாபகத்துக்கு வந்தது. இனி வீட்டில் ஸ்டூலை யார் பிடிப்பார்கள்?

"நான் கேட்டேன்" என்றார் காதர் மைதீன் பின்னாலிருந்து. எல்லோரும் திரும்பினார்கள். "பேச்சியக்கா, காலையில பெட்டியைப் போட்டது நான்தான். உங்கய்யா பேசினாவ. கொளுத்தச் சொல்லலைக்கா. பிள்ளைக உள்ள இருக்கு, போகாதீங்கலேன்னுதான் கத்தினாவ. அல்லா மேல ஆணை."

பேச்சியம்மாள் காதரின் வாயையே பார்த்தார்.

"நானும் கேட்டேன் மயினி" என்றாள் பால் சொசைட்டி வாசலில் நின்ற ஒருத்தி. "நானுந்தான்" என்றது இன்னொரு குரல். டீக்கடைக்காரர் தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, "கத்தினதுல எங்கப்பனும் ஒருத்தன் தாயி" என்றார். அப்புறம் ஆளாளுக்குச் சொன்னார்கள், ஒருவர் சொன்னதையே அடுத்தவரும், சொல்லாவிட்டால் பாக்கி நின்றுபோகும் என்பது மாதிரி.

தங்கப்பழம் கடைசிவரை நிலைப்படியை விட்டு நகரவில்லை. எல்லோரும் ஓய்ந்த பிறகு இறங்கி வந்தார். பேச்சியம்மாளின் முகத்தைப் பார்க்காமல், அவர் காலுக்குப் பக்கத்திலிருந்த மண்ணைப் பார்த்துச் சொன்னார். "மைக்கைப் பிடுங்கினது எங்கப்பா, அக்கா. நாளைக்குக் கல்தச்சனைக் கூட்டியாந்து அந்த வரியைக் கொத்தி எடுத்துருதேன். நானே பக்கத்துல நிக்கேன்."

பேச்சியம்மாள் தலையை மட்டும் ஆட்டினார். வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், மண்ணை வாரி எறிந்திருப்பார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"நீங்க எல்லாரும் கேட்டிருக்கீக. நான் மட்டும் விலக்குல நின்னுக்கிட்டு இருந்திருக்கேன்." பிறகு ஞானதிரவியத்திடம் திரும்பினார். முகத்தில் சின்னப்பிள்ளைத்தனமான ஓர் ஆசை. "பரவாயில்ல. மெட்ராசுல சூடாக்கும்போது நான் வந்து கேட்டுக்கிடலாம்லா சார்?"

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் இவ்வளவும் சரிந்துவிடும். பொய் சொன்னால் இந்த அம்மாள் பஸ் ஏறி மெட்ராஸ் வருவார். ஊர் முழுவதையும் ஏமாற்றிய வாய்க்கு இந்த ஒரு ஆளை ஏமாற்றத் தெம்பில்லை. ஞானதிரவியம் மரப்பெட்டியைப் பார்த்தார். பிறகு பேச்சியம்மாளைப் பார்த்தார். அதற்கு மேல் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை.

பேச்சியம்மாளின் கண் காதரிடம் போயிற்று. அங்கிருந்து மாடிமேல் இருந்த குழாய்களுக்கு. அங்கிருந்து மறுபடி பெட்டிக்கு. ஜீப்பில் தான் கேட்டதும் இவர் சொன்னதும் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்வது ஞானதிரவியத்துக்குத் தெரிந்தது. ஆசை அணைந்தது.

பிறகு அவர் குரலை உயர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "சரி சார். சாமானைப் பத்திரமா கொண்டு போங்க. வழியில கிழியில போட்டு உடைச்சுராதீங்க. எங்கய்யா அதுக்குள்ளல்லா இருக்காவ."

"பத்திரமா கொண்டு போறேம்மா" என்றார் ஞானதிரவியம்.

டிரைவர் எங்கிருந்தோ வந்து சேர்ந்து ஜீப்பைக் கிளப்பினார். ஞானதிரவியம் ஏறி உட்கார்ந்தார். யாரும் வழி மறிக்கவில்லை. ஆனால் யாரும் விலகவும் இல்லை. எல்லோரும் பேச்சியம்மாளைச் சுற்றி நின்றார்கள்.

பேச்சியம்மாள் தங்கப்பழத்திடம் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்கய்யா சத்தம் எப்படி இருந்துச்சு?"

தங்கப்பழம் இதை எதிர்பார்க்கவில்லை. விழித்தார். "கரகரன்னு இருந்துச்சுக்கா. கொஞ்சம் மூக்கால பேசுத மாதிரி."

"என்ன சொன்னாவ? அப்படியே சொல்லு."

"'உள்ள பிள்ளைக இருக்கு'ன்னு."

பேச்சியம்மாள் தொண்டையைச் சரி செய்துகொண்டார். "உள்ள பிள்ளைக இருக்கு."

"இன்னும் சத்தமாக்கா. கத்தினாவ."

"உள்ள பிள்ளைக இருக்கு!"

"இழுக்கணும் தாயி" என்றார் டீக்கடைக்காரர். "'பிள்ளைக'ங்கிறதுல இழுத்தாவ."

"உள்ள பிள்ளைஏக இருக்கு!"

"நடுவுல ஒரு இருமல் வந்துச்சு மயினி."

"கடைசில குரல் உடைஞ்சுதுக்கா, 'இருக்கு'ங்கும்போது."

மறுபடி சொன்னார். மறுபடி யாரோ திருத்தினார்கள். இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, இன்னும் அவசரமாக, மூச்சை விடாமல். டிரைவர் ஹாரனில் கையை வைத்தார். ஞானதிரவியம் மடியிலிருந்த பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டு, வேண்டாம் என்று தலையசைத்தார்.

எத்தனையாவது தடவையோ, பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கத்தினார்.

யாரும் திருத்தவில்லை.